பதினோரு மணி டவுன் பஸ்

உக்காரு அம்மிணி, உக்காரு. ஆளு வரலை, பைதான் வெச்சிருந்தேன். பக்கத்துல ஆராச்சும் வந்து உக்காந்து நாயம் பேசிருவாங்கன்னு எப்பவும் பையை வெச்சிருவேன். உன்னையப் பாத்தா வாய் பேசாத புள்ளையாட்டத் தெரிஞ்சுது, எடுத்துட்டேன். எங்க எறங்கோணும்? செம்மாண்டபுதூரா? கடைசி ஸ்டாப்பு. நல்லதாப் போச்சு, நானும் அங்க வரைக்குந்தான்.

நைட் டூட்டியா? ஆஸ்பத்திரி லேபுலயா. பாவம், கண்ணெல்லாம் செவந்து கெடக்குது. நீ தூங்கு அம்மிணி. கண்டக்டர் வந்தா உனக்கும் சேத்து அந்தச் சும்மா டிக்கெட்டை நானே வாங்கி வெக்கறேன். ஸ்டாப்பு வந்தா எழுப்பி உடறேன். நான் ஒண்ணும் பேச மாட்டேன். எனக்குப் பேச்சே ஆகாது. பேச்சுக்குப் பயந்துதான் நான் இந்த பஸ்ஸே ஏற ஆரம்பிச்சேன், அப்படின்னாப் பாத்துக்கோ.

இல்லை, நீ கேக்கறியேன்னு சொல்றேன். கேக்கலையா? கேட்ட மாதிரி இருந்துச்சு.

எனக்குக் கல்யாணமாயி முப்பத்தாறு வருசம். எங்கூட்டுக்காரர் நூல் மில்லுல சூப்பர்வைசர். நாச்சிமுத்துன்னு கேட்டா மில்லுல எல்லாத்துக்கும் தெரியும். பேரைச் சொல்லிப்போட்டேன் பாரு. பரவால்லை, கோவத்துல இருக்கறப்பச் சொன்னா குத்தமில்லை. வெடியால ஏழு மணிக்குச் சோத்துப் போசியத் தூக்கிட்டுப் போனா, பொழுதோட ஆறு மணிக்குத்தான் வருவாரு. முப்பத்தாறு வருசத்துல நான் அவரைப் பகல்ல பாத்தது ஞாயித்துக்கெழமையும் ஒறம்பரை வூட்டுக் கல்யாணத்துலயுந்தான். அதனாலயே நாங்க நெம்ப ஒத்துமையா இருந்தோம்.

எனக்குன்னு ஒரு பழக்கம் உண்டு. பதினொண்ணு மணிக்கு வேலையெல்லாம் ஒதுங்கிரும். சோறு ஆச்சு, தொவைச்ச துணி கொடிக்குப் போயாச்சு. ஒரு டம்ளர் வரக்காப்பி, கருப்பட்டி போட்டது, அதை எடுத்துட்டு வூட்டுக்குப் பின்னால பொடக்காலிக்குப் போயிருவேன். அங்க துணி தொவைக்கற கல்லு இருக்குது. அது மேல ஏறி உக்காந்து, ரெண்டு காலையும் தண்ணி வாளிக்குள்ள உட்டுக்குவேன். அவ்வளவுதான். அதுக்கப்பறம் ஒண்ணும் பண்ண மாட்டேன்.

நெசமா ஒண்ணும் பண்ண மாட்டேன். ஃபோனு கெடையாது, சாமி பாட்டு கெடையாது. ரோசனைகூடக் கெடையாது. எறும்பு போனா எறும்பப் பாப்பேன். எறும்பு போகலைன்னா செவுத்தப் பாப்பேன். மில்லுல பன்னெண்டு மணிச் சங்கு ஊதுனா, காலைத் தொடைச்சுட்டு எந்திரிச்சுருவேன். இதை நான் ஆருகிட்டயும் சொன்னதில்லை. சொன்னா அதுல என்ன இருக்குதும்பாங்க. ஒண்ணும் இல்லைங்கறதுதான் அதுல இருக்குது, அதை எப்படிச் சொல்லி வெளங்க வெக்கறது. சில பேரு சீட்டு ஆடறாங்க, சில பேரு பூச்செடி வெக்கறாங்க. எனக்கு இது.

அப்படி இருக்கறப்ப பங்குனி மாசம் அவரு ரிட்டயர் ஆயிட்டாரு.

மாலை போட்டு, சால்வை போத்தி, ஒரு கடியாரம் குடுத்து வூட்டுல கொண்டாந்து உட்டுட்டுப் போயிட்டாங்க. மொத நாளு பூராத் தூங்குனாரு. ரெண்டாம் நாளும் தூங்குனாரு. நானும் பரவால்லை, சாதுவான மனுசன், இப்படியே காலத்தை ஓட்டிரலாம்னு நெனைச்சேன். மூணாம் நாளு பதினொண்ணே காலுக்குப் பொடக்காலிக் கதவு தெறந்துச்சு.

"என்ன பண்ற?"

"ஒண்ணும் பண்ணலீங்."

"ஒண்ணும் பண்ணலைன்னா உள்ள வா. இந்த டப்பாவெல்லாம் எதுக்கு இப்படி கன்னாபின்னான்னு இருக்குது?"

மில்லுல ஒரு பழக்கமாமா அம்மிணி. ஓடற மெசினு நின்னா, எதுக்கு நின்னுது, எத்தனை நிமிசம் நின்னுதுன்னு நோட்டுல எழுதோணும். முப்பத்தஞ்சு வருசம் அதையே எழுதுன மனுசன். நான் எங்கயாச்சும் உக்காந்தா அவரு கண்ணுக்கு மெசினு நின்னு போச்சு. ஒடனே வந்துருவாரு. சாந்தா, தலை வலிக்குதா? சாந்தா, மாத்திரை போட்டியா? இல்லை, நல்லாத்தான் இருக்கறனுங். அப்பறம் எதுக்கு உக்காந்திருக்கற?

டப்பாவெல்லாம் உசரம் உசரமா அடுக்கிப் போட்டாரு. பாக்கறதுக்கு அழகாத்தான் இருந்துச்சு. கடுகு எங்கன்னு தேடறதுக்குள்ள எண்ணெய் பொகைஞ்சு போயிரும். அப்பறம் காயிதத்துல பேரு எழுதி ஒட்டுனாரு. குக்கரு விசிலை எண்ணுனாரு. எட்டு விசில் உடறியே, அஞ்சு போதுமேன்னாரு. அன்னிக்குப் பருப்பை அவருக்கு அஞ்சு விசில்லயே போட்டேன், பல்லுல வெச்சுக் கடிச்சுட்டே ஒண்ணும் பேசாம எந்திரிச்சுப் போயிட்டாரு.

ஒண்ணும் பேசாம எந்திரிச்சது அந்த ஒரு தடவைதான். மத்தபடிக்கு பேச்சு, பேச்சு, பேச்சு. அதுவும் சாதாரணப் பேச்சு இல்லை. நூல் மில்லுக்குள்ள அந்த மெசினு சத்தத்துல கத்திக் கத்தியே பழகுன தொண்டை. உப்பு எடுன்னு சொன்னா, பக்கத்து வூட்டுக்காரி உப்பை எடுத்துட்டு வந்து நிப்பா. பகல்ல பேசாம வெச்சிருந்ததை ஒட்டுக்காச் சேத்து வெச்சு என்ற தலையில கொட்டுனாரு. எனக்கு இந்த அளவில்லாமப் பேசறவங்களைக் கண்டாலே ஆகாது. எதுத்தாப்புல இருக்கறவங்களுக்குத் தூக்கம் வருதா, சோலி கெடக்குதா, எதையாச்சும் பாக்கறாங்களா? அவங்க பாட்டுக்குப் பேசிட்டே இருப்பாங்க.

தூங்கறியா அம்மிணி? இல்லை, தலை அப்படிச் சாஞ்சுதே, கம்பியில இடிச்சுக்குவியோன்னு எழுப்புனேன்.

எங்க உட்டேன்? ஆங், வைகாசி. மொளகாத்தூள் அரைக்கறதுக்கு டவுனுக்கு வந்தேன். திரும்பறப்ப பஸ்ல எடம் கெடைச்சு உக்காந்ததும் அப்படியே கண்ணு சொக்கிப் போச்சு. முழிச்சுப் பாத்தா எங்க ஸ்டாப்பு எப்பவோ போயிருச்சு. பஸ்ஸு ஏதோ வாழைத் தோட்டத்து நடுவுல போயிட்டிருக்குது. எறங்கி வேற பஸ்ஸு புடிச்சிருக்கலாம். நான் எறங்கலை. கடைசி ஸ்டாப்பு வரைக்கும் போயி, அதே பஸ்லயே திரும்பி வந்தேன். முக்காமணி நேரம். ஒருத்தராச்சும் என்ன பண்றேன்னு கேக்கோணுமே. கேக்கலை. அப்பத்தான் எனக்கு வெளங்குச்சு. வூட்டுல உக்காந்திருந்தா சும்மா இருக்கறாங்கறாங்க. பஸ்ல உக்காந்திருந்தா, உக்காந்திருக்கறதே வேலை.

அதுக்கப்பறம் மொளகா தெனமும் அரைக்க முடியாதல்ல. அதனால முட்டி வலின்னு சொன்னேன்.

பொய்யிதான். இல்லைங்கலை. பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துல முட்டிக்குக் கரண்ட் வெக்கறாங்க, தெனம் பதினோரு மணிக்கு வரச் சொல்லியிருக்கறாங்கன்னேன். வேற ஒரு ஊட்டுக்காரரா இருந்தா சரி போன்னு சொல்லிப் பேப்பரைப் பாப்பாரு. இவரு அன்னிக்கே ஒரு கட்டம் போட்ட காயிதம் வாங்கிட்டு வந்து காலண்டருக்குப் பக்கத்துல ஒட்டிப் போட்டாரு. தெனம் சாயங்காலம் பென்சிலைக் காதுல சொருகிட்டு வந்து நிப்பாரு.

"பத்துக்கு எவ்வளவு சாந்தா?"

"என்னதுங்?"

"வலி. பத்துக்கு எவ்வளவு?"

எட்டுன்னேன். எட்டுல ஒரு புள்ளி வெச்சாரு. அடுத்த நாளு ஏழரைன்னேன். அவரு மூஞ்சி மலந்து போச்சு. அதைப் பாத்துட்டு எனக்கும் ஒரு தாராளம் வந்துருச்சு. தெனம் அரை அரையாக் கொறைச்சுக் குடுத்தேன். புள்ளியெல்லாம் கோடு இழுத்துச் சேத்தாரு, கோடு எறங்கு எறங்குன்னு எறங்குது. ஃபோன்ல புள்ளைக்கு அதைப் படம் புடிச்சு அனுப்பறாரு. கரூர்ல கட்டிக் குடுத்திருக்கறது, எங்க ஒரே புள்ளை. அதுவும் சூப்பருப்பான்னு போட்டுது.

இதுல இன்னொரு தொந்தரவு வேற. தெனமும் சாயங்காலம் நல்லெண்ணெயைக் காய்ச்சி, கீழ உக்காந்து, என்ற காலைத் தூக்கி மடியில வெச்சுத் தேச்சு உடுவாரு. வலியே இல்லாத முட்டிக்கு எவ்வளவு நேரந்தான் தேச்சுக்கறது. போதுமுங், போதுமுங்கறேன், கேட்டாத்தான. துணியை அவரே தொவைச்சாரு. கல்லுல குனிஞ்சா முட்டிக்கு ஆகாதாமா. சொல்றதுக்கு ஆளில்லாம நான் பட்ட கஷ்டம் இருக்குதே.

பதினாலு நாளு ஆச்சு, வலி ஒண்ணுக்கு வந்து நின்னுருச்சு. அதை நான் கவனிக்கவே இல்லை. அடுத்தாப்புல அரை, அப்பறம் சைபர். சைபர் வந்தா வைத்தியம் முடிஞ்சு போச்சு, வைத்தியம் முடிஞ்சா பஸ்ஸும் முடிஞ்சு போச்சு. அவரு பென்சிலை எடுத்துட்டு, "இன்னிக்கு எவ்வளவு, அரையா?"ன்னு சிரிச்சுட்டே நிக்கறாரு. எனக்கு வாயில வந்தது, ஆறுன்னுட்டேன்.

அந்த மனுசன் மூஞ்சிய நீ பாத்திருக்கோணும். ஒண்ணுல இருந்து ஆறா, ஒரே நாள்லயாங்கறாரு. மில்லுல இப்படி ஏறுனா மெசினையே கழட்டிப் பாப்போங்கறாரு. அன்னிக்குச் சோறு சரியா உங்கலை. காயிதத்து முன்னால போயிப் போயி நின்னுட்டே இருந்தாரு. எனக்கும் வெசனமாத்தான் இருந்துச்சு. ஆனா என்ன பண்றது, ஆறுன்னு சொல்லியாச்சு, ஒடனே இல்லைங்க மூணுதான்னு சொல்ல முடியுமா.

அடுத்த நாளு நான் எப்பவும் போல நேரத்துக்குக் கெளம்பிட்டேன். அவரு பின்னாலயே அந்தக் காயிதத்தைச் சுருட்டி எடுத்துட்டு அந்த வைத்தியக்காரரைப் பாக்கக் கெளம்பியிருக்கறாரு. ஏன் ஏறுச்சுன்னு கேக்கறதுக்கு. சாந்தாமணின்னு அப்படி ஆரும் இங்க வர்றதில்லைன்னுட்டாங்க. இவரு என்ன நெனைச்சாரு தெரியுமா? எடம் தப்பா வந்துட்டேன்னு நெனைச்சிருக்கறாரு. நான் பொய் சொல்லியிருப்பேன்னு அவருக்குத் தோணவே இல்லை. அந்த வெயில்ல டவுன்ல இருக்கற இன்னும் ரெண்டு எடத்துக்குப் போயி, இதுதான் கோடு, இங்கதான் ஏறியிருக்குதுன்னு காயிதத்தை விரிச்சு விரிச்சுக் காட்டியிருக்கறாரு.

அப்பறம் பஸ் ஸ்டாண்டுக்கு வந்து நின்னுருக்கறாரு. நான் பஸ்ஸ உட்டு எறங்கறேன். காத்துல முடியெல்லாம் பறந்து, நல்லா சிரிச்ச மூஞ்சியா எறங்கறேன். நேரா நிக்கறாரு. சட்டை முதுகோட ஒட்டிக் கெடக்குது.

"எங்க போயிட்டு வர்ற?"

"பஸ்ல."

"பஸ்ல எங்க?"

"எங்கயும் இல்லீங். பஸ்லதான்."

கத்துவாருன்னு பாத்தேன். கத்தலை. முப்பத்தாறு வருசத்துல அவரு மெதுவாப் பேசி அன்னிக்குத்தான் நான் கேட்டேன். "நான் வூட்டுல இருக்கறது உனக்கு அவ்வளவு கஷ்டமா இருக்குதா சாந்தா?"ன்னாரு.

இல்லீங்கன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். எனக்கு வரலை. எனக்கு ஒரு மணி நேரம் வேணும், அவ்வளவுதான்னேன். "கேட்டிருந்தாக் குடுத்திருப்பனே"ன்னாரு. அங்கதான் எனக்குப் பத்திக்கிச்சு. குடுத்திருப்பாராமா. ஏனுங், என்ற ஒரு மணி நேரத்தை நான் உங்ககிட்ட மனு எழுதிக் குடுத்து வாங்கோணுமா, நான் என்ன உங்க மில்லுல வேலை செய்யற பொம்பளையான்னு, அத்தனை சனத்துக்கு முன்னால கேட்டுப் போட்டேன். பூக்காரியெல்லாம் திரும்பிப் பாத்தாங்க. அவரு சுருட்டி வெச்சிருந்த காயிதத்தை மடிச்சு ஜோப்புல வெச்சுட்டு முன்னால நடந்துட்டாரு.

நான் கேட்டதுல என்ன தப்பு சொல்லு. தப்பில்லை. ஆனா பஸ் ஸ்டாண்டுல கேட்டிருக்க வேண்டாம்.

அன்னிக்கு நின்ன பேச்சு அம்மிணி. இன்னியோட முப்பத்தி ரெண்டு நாளு. ஒரே வூட்டுக்குள்ளதான் இருக்கறோம். நான் செவுத்தப் பாத்து, சோறு ஆச்சும்பேன். அவரு மேல சுத்தற ஃபேனைப் பாத்து, கொழம்பு போதும்பாரு. ஆறாம் நாளு வெடியால சட்டையைத் தேச்சுப் போட்டுட்டு வாசக்கதவு நிலவுகிட்ட நின்னு, கல்யாண மண்டபத்துல மேனேஜர் வேலை கெடைச்சிருக்குது, ஒம்போது மணிக்குப் போனா ஆறு மணிக்கு வருவேன்னு நிலவுகிட்டயே சொன்னாரு. போயிட்டாரு.

ஒரு மணி நேரம் கேட்டேன். ஒம்போது மணி நேரம் குடுத்துட்டுப் போயிட்டாரு.

எனக்கென்ன, நல்லாத்தான் போச்சு. வூடு பூரா என்றது. டப்பாவெல்லாம் பழையபடி மாத்தி வெச்சேன். பதினொண்ணு மணிக்கு வரக்காப்பியைப் போட்டுட்டுக் கல்லு மேல போயி உக்காந்தேன். என்னமோ தெரியலை, அஞ்சு நிமிசத்துக்கு மேல உக்கார முடியலை. கல்லு சூடா இருந்துச்சு. முன்னால எல்லாம் அந்நேரத்துக்கு அந்தக் கல்லு சூடா இருக்காது, பக்கத்து வூட்டுல மரத்தை வெட்டிட்டாங்களாட்ட இருக்குது. எந்திரிச்சுப் போயி கதவைப் பாத்துட்டு வந்தேன். கதவு சாத்தித்தான் இருந்துச்சு. அடுத்த நாளும் அப்படித்தான். புள்ளைகிட்டச் சொன்னா, அப்பா பேசுனாலும் உனக்குக் குத்தம், பேசலைன்னாலும் குத்தமாங்குது. அதுக்கென்ன தெரியும். சின்னப் புள்ளை.

அதனால மறுபடியும் பஸ்ஸுக்கே வந்துட்டேன். அமைதிக்காகத்தான். அப்பல்லாம் எந்த பஸ்ஸு வந்தாலும் ஏறிக்குவேன். இப்ப இந்த ஒரு பஸ்தான். செம்மாண்டபுதூர் ரோட்டுல காத்து நல்லா வரும். அவரு மண்டபமும் இந்த ரோட்டுலதான் இருக்குது, அது ஒரு பொருத்தம், அவ்வளவுதான். பதினொண்ணு இருவத்தஞ்சுக்கு பஸ்ஸு அந்த மண்டபத்தைத் தாண்டும். அந்நேரத்துக்கு அவரு கேட்டுகிட்ட வந்து நிப்பாரு. நான் பாக்க மாட்டேன், தலையைத் திருப்பிக்குவேன். திருப்பறதுக்குள்ள கண்ணுல சித்தப் படும். நேத்து சட்டை கசங்கியிருந்துச்சு. முந்தாநாளு செருப்பு வாரு ஒண்ணு அத்துப் போயிருந்துச்சு, ஊசியில கோத்துப் போட்டிருந்தாரு. இதெல்லாம் தானாக் கண்ணுல படறதுதான்.

ஒண்ணு மட்டும் உங்கிட்டச் சொல்றேன் அம்மிணி. பயமா இருக்குது. ரெண்டு பேருக்கும் வயசாச்சு. இந்த வயசுல உட்ட பேச்சை மறுபடியும் எங்க இருந்து எடுக்கறது? இப்படியே செவுத்துகிட்டயும் ஃபேன்கிட்டயும் பேசிட்டே போயிச் சேந்துருவமோன்னு இருக்குது. அவரு மொதல்ல பேசட்டும்னு நான் இருக்கறேன். நான்தான் பொய் சொன்னேன், சரி. அவருந்தான டப்பாவை மாத்துனாரு. நான் மொதல்ல பேச மாட்டேன்.

என்ன? என்ன சொன்ன? தூக்கத்துல பேசறியா?

ஆடி மாசம் ஆரு கல்யாணம் பண்ணுவாங்களாவா? ஆமா, பண்ண மாட்டாங்கதான். பெயிண்ட் அடிச்சுட்டு இருப்பாங்க. அவரு சொல்லலை, நானே நெனைச்சுக்கிட்டேன். மேனேஜர்னா பெயிண்ட் அடிக்கறவங்களைப் பாத்துக்கோணுமல்ல.

பூட்டிக் கெடக்குதா? எந்த மண்டபம்? இந்த ரோட்டுல இருக்கறதா? ஆடி ஒண்ணுல இருந்தேவா. உனக்கெப்படி அம்மிணி தெரியும்?

நீ தெனமும் இதே பஸ்லயா வர்ற? நான் உன்னையப் பாத்ததே இல்லையே. பின்னால உக்காந்து தூங்கிட்டே வருவியா. மண்டபத்துகிட்ட வேகத்தடை தூக்கிப் போடறதுல முழிப்பு வந்துருமா. சரி, முழிச்சா?

ஒரு பெரியவரு நிப்பாரா.

பூட்டுன கேட்டுக்கு முன்னாலயா? பூட்டுன கேட்டுக்கு முன்னால நின்னு என்ன பண்றாரு? ஒண்ணும் பண்ண மாட்டாரா. கையில சோத்துப் போசியோட நின்னு இந்த பஸ்ஸ மட்டும் பாப்பாரா. எதுத்தாப்புல வர்ற பஸ்ஸப் பாக்க மாட்டாரா. இந்தப் பக்கத்து ஜன்னல் ஒவ்வொண்ணாப் பாப்பாரா. பாத்துட்டு? பஸ்ஸு போனதுக்கப்பறம் போயி அந்தப் படியில உக்காந்துக்குவாரா. நல்லாப் பாத்தியா அம்மிணி? வெயில்லயா?

அப்ப ஒம்போது மணியில இருந்து ஆறு மணி வரைக்கும் அந்த மனுசன் எங்க இருக்கறாரு. எங்க உண்கறாரு. வூட்டுக்கு வந்திருக்கலாமல்ல. ஆடி மாசம், வேலை இல்லைன்னு சொல்லிட்டு வூட்டுல இருந்திருக்கலாமல்ல. நான் கேட்ட ஒரு மணி நேரத்துக்காக இந்த மனுசன் பூட்டுன கேட்டுல வந்து ஒம்போது மணி நேரம் நிக்கறாரு. ஆருங்க இவருக்கு இந்த ரோசனையைக் குடுத்தது. வாயைத் தொறந்து சொல்லோணுமல்ல. அவ்வளவு சத்தமாப் பேசற மனுசன், இதைச் சொல்லோணுமல்ல.

மணி என்ன? இருவத்தி மூணா. இந்தத் திருப்பம் திரும்புனா மண்டபம். இல்லை, நான் அழுகலை. தூசி. இந்த ரோடே இப்படித்தான்.

வேகத்தடை வந்துருச்சு. அதா. அதா நிக்கறாரு பாரு. கேட்டுல பெரிய பூட்டுத் தொங்குது. நான் இத்தனை நாளா இந்தப் பூட்டைப் பாக்கவே இல்லையே அம்மிணி, சட்டையைத்தான பாத்தேன். முன்னால ஜன்னலைப் பாக்கறாரு. அடுத்த ஜன்னல். இங்க பாக்கலை. இங்க பாக்கறதுக்குள்ள இவன் ஓட்டிட்டுப் போயிருவான். கண்டக்டரு, சித்த நிறுத்துங். நிறுத்துங்கறனல்ல. ஸ்டாப்பு இல்லைன்னா என்ன, ஆளு நிக்கறாங்களே தெரியலையா.

ஏனுங். மாமா. ஏனுங் மாமா, இங்க. இங்க பாருங்க. எதுக்கு வெயில்ல நிக்கறீங்க, ஏறுங். பஸ்ஸு நிக்குது, ஏறுங்கன்னா. எங்கயும் இல்லீங், கடைசி வரைக்கும் போயிட்டு இதுலயே வந்துரலாம். மெதுவா, செருப்பைப் பாத்து. முன்னாலயே வாங்க. எடம் இருக்குது, வாங்க.

எந்திரி அம்மிணி. அதா, மூணாவது சீட்டு காலியா இருக்குது, அங்க போயி உக்காந்துக்கோ. கோவிச்சுக்காத. நீயும் பஸ்ஸு ஏறுனதுல இருந்து நாயம் பேசிட்டே வர்ற, எனக்கும் காது வலிக்குது. போயி சித்த நேரம் கண்ணை மூடிட்டு வா, சாமி.